பட்டியலின் முதல் பெயர்

ஒரு பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எல்லோரும் வாசல் வழியாகப் போவார்கள். நம் லிப்ட் மெக்கானிக் அடிவழியாகப் போனார். லிப்ட் பெட்டிக்குக் கீழே ஓர் ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி இருக்கும். கதவு இடுக்கில் தவறி விழுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அலுவலகம் என்றால் சாவியும் பேனா மூடியும், ஆஸ்பத்திரி என்றால் மாத்திரை அட்டையும் ஒற்றைக் கம்மலும். மாதத்துக்கு ஒருமுறை விளக்கோடு இறங்கி, பெருக்கி அள்ளி, எண்ணெய் போட்டுவிட்டு வருவது அவர் வேலை. அள்ளுகிற குப்பையிலேயே அந்தக் கட்டடத்து ஆட்களின் ஜாதகம் முக்கால்வாசி தெரிந்துவிடும் என்பார். யாரிடம் என்பார் என்று கேட்காதீர்கள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது, அவர் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான்.

அந்த ஊர் பாஷை காதுக்குப் பழகிவிட்டது, நாக்குக்குத்தான் பழகவில்லை. சூப்பர்வைசர் காலையில் போனில் நாலு முகவரி சொல்வார், இவர் "சரி" என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அப்புறம் நாள் முழுக்க அவரோடு பேசுவது லிப்டுக்குள் பதிவு செய்து வைத்திருக்கிற பெண் குரல்தான். "இரண்டாவது தளம்" என்று அது சொன்னால் இவர், "சரிம்மா, தெரியுது" என்பார். சிரிக்காதீர்கள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு மடக்குக் கட்டிலோடு இரண்டு வருடம் தனியாக இருந்து பார்த்தால் நீங்களும் சொல்வீர்கள்.

இப்போதுதான் விடிவுகாலம் வந்திருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் அனுமதிக் காகிதம் வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரம். இரண்டு அறை வீடு பிடித்தாயிற்று, தட்டு மூன்றாயிற்று. ஜன்னலுக்கு மஞ்சள் திரைகூட வாங்கி மாட்டினார். பாக்கி இருந்தது பள்ளிக்கூடம். அதில்தான் அவருக்குக் கவலை.

மகளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. பிறந்தபோது பொட்டு அளவு இருந்ததால் பொட்டு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. குழாய், செருப்பு, பல்லி என்று எதையும் விட்டுவைக்காமல் பேசுவாள். வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். கெஞ்சினாலும் மிரட்டினாலும் பேச்சு மூச்சு இருக்காது. டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, பயம்தான், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். பள்ளிக்கூடத்துக்காரர்கள் டாக்டரைவிடப் பெரியவர்கள் ஆயிற்றே! ஊரில் முதல் பள்ளியில் பதில் சொல்லும்வரை உட்காராதே என்று ஒரு மத்தியானம் முழுக்க நிற்க வைத்தார்கள். இரண்டாவது பள்ளியில், "வேற இடம் பாருங்கம்மா" என்று நல்ல மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாவதும் அப்படி ஆகிவிட்டால் குழந்தை அதற்கப்புறம் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று மனைவி பயந்தாள். அவருக்கும் அதே பயம். சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மனைவி அங்கே மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே, ராஜ்யம் பிடிக்கிற மாதிரி போனில் தேடித் தேடி ஒரு பள்ளியைக் கண்டுபிடித்திருந்தாள். புது வீட்டிலிருந்து நாலு நிமிட நடை. பெரிய பள்ளி, நல்ல பெயர், இடமும் இருந்தது.

"நீச்சல் குளம் எல்லாம் இருக்குங்க. பாத்துட்டு வாங்க. ஆனா அவ பேசமாட்டான்னு மட்டும் சொல்லித் தொலைக்காதீங்க. இடம் இல்லேன்னுடுவாங்க."

"நானா? நான் யார்கிட்டம்மா பேசறேன், சொல்லித் தொலைக்க?"

அந்தப் பெரிய பள்ளி லிப்டும் அவர் கம்பெனியின் கணக்கில்தான் இருந்தது. அடுத்த செவ்வாய் அங்கே போனார். குழியில் இறங்கினால் ஒரு தூசு இல்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகள் இருக்கிற இடத்தில் ஒரு பென்சில் துண்டுகூட விழாமல் எப்படி இருக்கும் என்று அவருக்கு உறுத்தியது. சரி, சுத்தமானவர்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, பெட்டியின் தலைமேல் ஏறி நின்று முதல் மாடிக் கதவைச் சரிபார்த்தார். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே இருட்டில் ஒரு மனிதன் நிற்பது தெரியாது. இரண்டு டீச்சர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பேசியதை, மெக்கானிக்குக்குப் புரிந்த மாதிரியே நம் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

"அந்தப் புதுப் பொண்ணு இன்னும் வாயத் தொறக்கலையா?"

"எங்க? சுவத்தப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு. இந்த மாசம் பாப்போம், அப்புறம் அம்மா அப்பாவக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

அவர்கள் நல்லவர்களாகவும் இருக்கலாம், அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஆனால் இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. எந்த பாஷையில் சொல்வது? எண்ணெய் டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இங்கே இரண்டாவதாகப் பார்த்த பள்ளியை யாரும் தேடவில்லை, அதுவாக வந்தது. ஊரின் அந்தக் கோடி, வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். இரண்டு மாடி, சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. லிப்ட் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது என்று ஓயாமல் புகார் செய்கிற இடம். குழியில் இறங்கிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடித்த பென்சில், பாதி ரப்பர், ஒற்றைக் காலுறை, பொம்மையின் செருப்பு, தலை கிளிப் பதினொன்று, ஒரு பால் பல். பல்லை விரலில் எடுத்து விளக்கில் பார்த்தார். பெட்டி மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்!

மேலே ஏறி இரண்டாவது மாடிக் கதவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வெளியே ஒரு டீச்சர் ஒரு குழந்தையோடு வந்து நின்றது கதவு இடுக்கில் தெரிந்தது. குழந்தையின் காலில் கட்டு. வேலை நடக்கிறது என்ற பலகையை டீச்சர் பார்த்தார்.

"சரி, நாம சும்மா நிப்போம்" என்றார்.

அவ்வளவுதான். நின்றார்கள். கால் வலிக்கிறதா, பசிக்கிறதா, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைக்கூட அசைக்காமல் நின்றார். ரொம்ப நேரம் கழித்து ஒரு கீச்சுக் குரல் வந்தது.

"வரல."

"ஆமா. வரல" என்றார் டீச்சர்.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள் என்றால், அவர் அழுதார், நான் என்ன செய்ய? இந்தப் பள்ளிதான் என்று அந்த இருட்டிலேயே முடிவு செய்துவிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு அந்த டீச்சரைத் தேடிப் போனார். முதல் வகுப்பு டீச்சர் அவரே. இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த ஊர் வார்த்தைகளை எல்லாம் தட்டுத்தடுமாறிச் செலவழித்து, மகள் வெளியே பேசமாட்டாள் என்பதைச் சொல்லித் தொலைத்தார். டீச்சர் தலையாட்டினார். ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் விண்ணப்பம் வந்துவிட வேண்டும் என்றார். மகள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்று கேட்டார். இவர் உற்சாகமாகச் சொன்னார்: நாய் என்றால் பயம், தோளில் தூக்கிக்கொண்டால் தூங்கிவிடுவாள், 'ர' வராது. டீச்சர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். அவ தாராளமாப் பேசறவங்க யாராவது ஒருத்தர், முதல் ரெண்டு வாரம் வகுப்புலயே கூட உக்காரணும். ஃபார்ம்ல யார் யார்கிட்ட பேசுவான்னு பட்டியல் எழுதுங்க. முதல் பேர் யாரோ அவங்கதான் வரணும்."

உச்சி குளிர்ந்துவிட்டது அவருக்கு. இரண்டு வருடமாக ஒரு நாள் லீவு எடுக்காமல் பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்திருந்தார். எதற்கென்று தெரியாமலே சேர்த்தது, இதற்குத்தான் போலிருக்கிறது என்று அன்றைக்கே லீவுக்கு எழுதிப் போட்டார். மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை உறுதியாகியிருந்தது, வந்த மூன்றாம் நாளே சேர வேண்டும், தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அவள் வேலைக்குப் போவாள், இவர் அந்தக் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க, பொட்டுக்குப் பக்கத்தில் உட்காருவார். பட்டியலில் முதல் வரியில் 'அப்பா' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கீழே அம்மா, தாய்மாமா.

மனைவியின் ஒப்புதலும் வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் ஃபார்மைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். பள்ளியை மாற்றியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். லிப்டுக்குள்ளிருந்து ஒட்டுக்கேட்டுப் பள்ளிக்கூடம் முடிவு பண்ற ஒரே ஆள் நீங்கதான் என்று அவள் சிரித்தாள். நீச்சல் குளம் போகட்டும் என்றாள். அப்புறம் ஃபார்மைப் படித்தாள். பட்டியலின் முதல் வரியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. முதல் பேர் நீங்களா?"

"பின்ன? லீவு இருக்கு. நான் உக்காந்துக்கறேன், நீ வேலைல சேந்துடு."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க' சரியில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆனவருக்கு அது தெரியாதா?

"என்னன்னு சொல்லு."

"என்னங்க... அவ உங்ககிட்ட பேசி வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

"நெட்வொர்க் சரியில்ல. அதுவும் இல்லாம போன்ல குழந்தைங்க பேசாது."

"நெட்வொர்க் இல்லீங்க." அவள் குரல் இறங்கியது. "மாமாகிட்ட போன்ல பேசறா. நீங்க வச்ச அடுத்த நிமிஷமே கடகடன்னு ஆரம்பிச்சுடறா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் சொல்லல."

 மெக்கானிக்குக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் நினைவுக்கு வந்தது. மனைவி போனைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட பேசு, பேசு" என்பாள். இவர் வரிசையாகக் கேட்பார்: சாப்பிட்டியா? ஸ்கூல் போனியா? அம்மா பேச்சக் கேக்கறியா? அப்பாவ ஞாபகம் இருக்கா? பொட்டு கண்ணை இமைக்காமல் பார்ப்பாள், மெல்ல நழுவிப் படத்தை விட்டு வெளியே போய்விடுவாள். வெட்கம் என்று இவர் சிரித்துக்கொள்வார். வெளியாள் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும் என்பது ஊருக்கே தெரியும். அந்த வெளியாள் தான்தான் என்பது மட்டும் இத்தனை நாளாக அவருக்குத் தெரியாமல் போயிற்று. 'ர' வராது என்று டீச்சரிடம் சொன்னாரே, அது மூன்றரை வயதுக் குழந்தை. அந்தக் குழந்தை இப்போது எங்கேயும் இல்லை.

மறுநாள் நாலு கட்டடம். பெட்டியின் மேல் நின்றுகொண்டு யோசித்தார். வந்த இரண்டு நாளில் பழகிவிட மாட்டாளா? பெற்ற அப்பன் அல்லவா? பழகிவிடுவாள், எழுதினது எழுதினபடி இருக்கட்டும் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. பழகாவிட்டால்? புது ஊர், புது பாஷை, புது வகுப்பு, பக்கத்தில் துணைக்கென்று ஒரு வெளியாள். பள்ளியை ஒட்டுக்கேட்டுத் தேடிப் பிடித்துக் கடைசியில் தானே கெடுத்த மாதிரி ஆகும். "மூன்றாவது தளம்" என்றது குரல். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு அந்தப் பள்ளியில் இருந்தார். மேஜைமேல் ஃபார்மை வைத்து, டீச்சர் பார்க்க, 'அப்பா' என்ற வரியின் மேல் கோடு போட்டார். கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததால் இரண்டு கோடு போட வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டார்.

"என்கிட்ட பேசமாட்டா" என்றார்.  வெட்கமாக இருந்தது, அதைவிடத் துக்கமாக இருந்தது.

டீச்சர் உடனே ஆறுதல் சொல்லக் கிளம்பவில்லை. 

"நாய், தோள், 'ர'ன்னு ரொம்பச் சின்னக் குழந்தையப் பத்திச் சொல்ற மாதிரி நீங்க சொன்னப்பவே கொஞ்சம் சந்தேகமா இருந்தது. திரும்பி வருவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். "கேள்வி கேக்காதீங்க. பக்கத்துல இருந்து உங்க வேலையப் பாருங்க, போதும்."

சலவைப் பிரிவு வேலை போயிற்று. "போனா போகுது, வேற கிடைக்காதா?" என்றாள் மனைவி. சொன்னபிறகு மூக்கை உறிஞ்சினாள். அந்த வேலைக்காக அந்த ஊர் பாஷையில் நாற்பது வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் பொட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, முழங்கைக்கு அடியிலிருந்து அவரைப் பார்த்தாள். வீட்டில் அவர் இருந்தால் அம்மாவின் காதில் மட்டும் கிசுகிசுப்பாள். மஞ்சள் திரை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அவர் குளிக்கப் போய்க் குழாயைத் திறந்ததும் வெளியே கடகடவென்று பேச்சு கேட்கும், குழாயை மூடினால் அதுவும் நிற்கும். பிறகு வேலைவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியிலேயே அரைமணி நேரம் உட்காரத் தொடங்கினார், அம்மாவும் பெண்ணும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று. இரண்டு வருடம் அந்த ஒற்றை அறையில் தனியாக இருந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. ஆனாலும் கேள்வி கேட்கவில்லை. சாப்பிட்டியா என்பது நாக்கு நுனிவரை வரும், மென்று முழுங்கிவிடுவார்.

லீவை ரத்து செய்யப் போனபோது சூப்பர்வைசரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். அந்தப் பழைய பள்ளி லிப்டின் கதவு உருளைகள் எல்லா மாடியிலும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும், அந்த இரண்டு வாரத்தில் தினம் கொஞ்ச நேரம் போய் மாற்றிவிடுகிறேன் என்றார். இவ்வளவு நீளமாக இவர் பேசி சூப்பர்வைசர் கேட்டதே இல்லை. திகைப்பில் சரி என்றுவிட்டார்.

முதல் வகுப்பு முதல் மாடியில், லிப்ட் சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவருக்குள், பெட்டியின் தலைமேல், தொப்பி விளக்கோடு இவர் நின்றார். முதல் நாள் டீச்சர் குரல் கேட்டது, மற்றக் குழந்தைகளின் கூச்சல் கேட்டது, மனைவியின் இருமல் கேட்டது. பொட்டின் குரல் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்று, நாலு, ஐந்து. ஒரு நாளில் செய்கிற வேலையைப் பிய்த்துப் பிய்த்து நீட்டினார். டீச்சர் யாரையும் பேசச் சொல்லவில்லை.

எட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. உருளையின் திருகு இறுகிக்கிடந்தது. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினார்.

"அம்மா."

கிசுகிசுப்பு அல்ல. முழுக்குரல். வகுப்பு முழுக்கக் கேட்கிற குரல். இவர் கை அப்படியே நின்றது.

"சுவருக்குள்ள யாரு?"

'ர' சுத்தமாக வந்தது. எப்போது வந்ததோ!

"அப்பாதான். லிப்ட் ரிப்பேர் பண்றாரு" என்றாள் மனைவி.  மற்றக் குழந்தைகள் அடங்கிப்போய்க் கேட்பது தெரிந்தது. டீச்சர் ஆகா ஓகோ என்று ஒன்றும் சொல்லாமல், என்னமோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

 பிறகு குரல் சுவருக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

"சாப்பிட்டாரா?"

வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வாயைத் திறந்தால் ஓடிவிடுவாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார். ஆமாம் என்றால் எத்தனை தட்டு, இல்லை என்றால் எத்தனை தட்டு என்று யாரும் பேசி வைத்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, மெதுவாக, ஒரே ஒரு தட்டு தட்டினார்.

"சாப்பிடலையாம், அம்மா" என்றாள் பொட்டு.

உண்மைதான், அவர் சாப்பிட்டிருக்கவில்லை.